போய்ப் பார்க்கிற பழக்கம்

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அழைப்பிதழில் 'இணையத்தை மீட்போம்' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டார்கள். படித்ததும் எனக்கே பயமாகிவிட்டது. மீட்கிற அளவுக்கு நான் ஆள் இல்லை. தொலைபேசித் துறையில் 32 ஆண்டு கம்பி இழுத்து ஓய்வு பெற்றவன். ஆனால் கம்பி இழுத்தவனுக்கு ஒன்று தெரியும். கம்பி போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது. அந்தப் பக்கம் ஒருவர் எடுத்து 'அலோ' சொல்ல வேண்டும். இன்று நான் பேசப் போவது அந்த 'அலோ'வைப் பற்றி.

முதலில் ஒரு கேள்வி. இன்று காலையிலிருந்து கைப்பேசியில் எதையாவது எழுதியவர்கள், ஒரு குட்மார்னிங்காவது அனுப்பியவர்கள், கை தூக்குங்கள். சரி, அரங்கமே தூக்கிவிட்டது. இரண்டாவது கேள்வி. இந்த வாரத்தில், ஒரு மனிதரின் சொந்த இணையப் பக்கத்துக்கு, அவர் பெயரை நினைத்து, முகவரியைத் தட்டி, 'என்ன எழுதியிருக்கிறார் பார்ப்போம்' என்று போனவர்கள் எத்தனை பேர்? இரண்டு. இல்லை, மூன்று. தூண் மறைவில் ஓர் அம்மா தூக்கியிருக்கிறார்கள். நன்றி அம்மா.

இதுதான் என் பேச்சின் பொருள். நாம் எழுதுவதை நிறுத்தவில்லை, முன்பைவிட அதிகமாகவே எழுதுகிறோம். போய்ப் பார்க்கிறதைத்தான் விட்டுவிட்டோம்.

கொஞ்சம் பின்னால் போவோம். சுவிட்சர்லாந்தில் செர்ன் என்று ஓர் ஆய்வுக்கூடம். அணுவுக்குள் என்ன இருக்கிறது என்று ஆராய்கிற இடம். அங்கே வேலை பார்த்த டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். ஆளுக்கொரு கணினியில் ஆளுக்கொரு விதமாகக் கிடக்கும் ஆவணங்களை ஒன்றோடொன்று எப்படிக் கோப்பது என்பதுதான் அதில் இருந்த விஷயம். அதிலிருந்துதான் இந்த வலை வளர்ந்தது. 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் ஒரு காரியம் செய்தது. இந்த மென்பொருளை உலகத்துக்குப் பொதுவில் விடுகிறோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது. யாரும் கட்டணம் கட்ட வேண்டாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். நினைத்துப் பாருங்கள்: அன்று ஒரு ரூபாய் கட்டணம் வைத்திருந்தால், நம் ஊரில் யார் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்திருப்போம்?

அடுத்த ஆண்டே அமெரிக்காவில் ஒரு சேவை தொடங்கியது. ஜியோசிட்டிஸ் என்று பின்னால் பேர் பெற்றது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பக்கம் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அதிலொரு அழகு இருந்தது. பக்கம் வேண்டுமென்றால் முதலில் எந்தப் பேட்டையில் குடியேறப் போகிறாய் என்று சொல்ல வேண்டும். சினிமாப் பைத்தியமா, ஹாலிவுட் பேட்டை. இலக்கியம், தத்துவமா, ஏதென்ஸ் பேட்டை. அறிவியல் புனைகதையா, ஏரியா 51. உங்கள் முகவரியிலேயே பேட்டைப் பெயரும் வீட்டு எண்ணும் இருக்கும். வீட்டு எண் எடுப்பதற்கு முன் மக்கள் தெருத்தெருவாகச் சுற்றினார்கள். பக்கத்து வீட்டில் யார், எதிர் வீட்டில் யார், அவர் என்ன எழுதுகிறார் என்று பார்த்துவிட்டுத்தான் காலி மனை பிடித்தார்கள். பார்க்கச் சகிக்காத பக்கங்கள்தான், ஒத்துக்கொள்கிறேன். மினுக்குகிற நட்சத்திரம், ஓடுகிற எழுத்து, தானாகப் பாடுகிற பாட்டு. நம் ஊர் லாரிக்குப் பின்னால் படம் வரைகிற மாதிரிதான். லாரி அவரவர் லாரி. அவரவருக்குப் பிடித்தபடி வரைந்துகொண்டார்கள்.

1999இல் யாகூ அதை வாங்கியது. 2009 அக்டோபரில் மூடியது. ஜேசன் ஸ்காட் என்பவரும் அவரோடு சேர்ந்த ஆர்க்கைவ் டீம் தொண்டர்களும், தீப்பிடித்த வீட்டிலிருந்து சாமானை அள்ளிப் போடுகிற மாதிரி, முடிந்தவரை பக்கங்களை நகலெடுத்துக் காப்பாற்றினார்கள். அத்தனையும் என்ன சாமான்? கல்யாணப் போட்டோ, செத்துப்போன நாய்க்குட்டியின் படம், பத்தாம் வகுப்புப் பையன் எழுதிய கவிதை.

இது அமெரிக்கக் கதை, நமக்கென்ன என்று கேட்பீர்கள். நம் கதைக்கு வருகிறேன்.

தமிழ் இணையத்தின் தொடக்கம் சென்னையில் நடக்கவில்லை என்பதை இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி, மலேசியாவில் முத்து நெடுமாறன், சுவிட்சர்லாந்தில் கல்யாணசுந்தரம் என்று கடல் கடந்தவர்கள்தான் முதலில் முட்டி மோதினார்கள். ஊரில் இருந்தவர்களுக்குத் தமிழ் காலையில் கதவைத் திறந்தால் கிடைத்தது. அவர்களுக்குத் தேட வேண்டியிருந்தது. 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. நம் பழைய இலக்கியங்களையெல்லாம் தட்டச்சு செய்து இலவசமாக வைப்பது என்று ஒரு வேலை. சம்பளம் கிடையாது. ஒருவர் தட்டுவார், முன்பின் பார்த்திராத இன்னொருவர் வேறொரு நாட்டில் உட்கார்ந்து பிழை திருத்துவார்.

அந்தக் காலத்தில் தமிழ்ப் பக்கம் ஒன்றைத் திறப்பது என்றால் என்ன என்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் கல்லூரித் தம்பிகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். பிரவுசிங் சென்டரில் மணிக்கு 40 ரூபாய் கொடுத்து உட்கார்வேன். பக்கம் திறக்கும். கட்டம் கட்டமாகத் தெரியும், அல்லது கேள்விக்குறியாகத் தெரியும். ஒவ்வொரு இதழுக்கும் ஒவ்வொரு எழுத்துரு. ஒன்றை இறக்கினால் இன்னொன்று தெரியாது. கடைப் பையனோ, 'சார், கண்டதையும் இன்ஸ்டால் பண்ணாதீங்க, வைரஸ் வந்துரும்' என்பான். 'தம்பி, இது வைரஸ் இல்லப்பா, தமிழ்' என்று கெஞ்சி இறக்கிப் படித்திருக்கிறேன். பிறகு யூனிகோட் வந்து அந்தப் பாட்டை ஒழித்தது. தட்டச்சுக்கு இ-கலப்பை என்று ஒரு மென்பொருள் இலவசமாகக் கிடைத்தது. பெயரைப் பாருங்கள், கலப்பை! பெயர் வைத்தவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்.

பெயர் என்றதும் இன்னொன்று. அந்தக் காலத்துத் தமிழ் இணையம் தனக்கு வைத்துக்கொண்ட பெயர்களை வரிசையாகச் சொல்கிறேன், கேளுங்கள். திண்ணை. மரத்தடி. ராயர் காப்பி கிளப். என்ன தெரிகிறது? எல்லாம் உட்காருகிற இடம்! நாலு பேர் வந்து உட்கார்ந்து, பேசி, சண்டை போட்டு, மறுநாளும் வருகிற இடம். இன்றைய நிறுவனங்கள் தங்கள் பக்கத்துக்கு வைத்திருக்கும் பெயர் என்ன? 'ஃபீட்', அதாவது ஊட்டம். நாம் வாயைத் திறந்தால் போதும், ஊட்டிவிடுவார்கள். ஊட்டுகிறவர் என்ன கலந்து ஊட்டுகிறார் என்று மட்டும் கேட்கக் கூடாது.

2004இல் காசி ஆறுமுகம் தமிழ்மணம் என்று ஒரு திரட்டியைத் தொடங்கினார். அது எப்படி வேலை செய்தது என்பதை நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன். என் பேச்சின் உயிர் அங்கேதான் இருக்கிறது. உங்கள் வலைப்பதிவு உங்கள் இடத்தில் இருக்கும். நீங்கள் புதிதாக எழுதினால், செய்தியோடை வழியாகத் தமிழ்மணத்துக்குத் தெரிந்துவிடும். அதன் முகப்பில் உங்கள் தலைப்பும் முதல் சில வரிகளும் வரும். வந்த நேரப்படி வரும். அமைச்சர் எழுதினாலும் சரி, நம் ஊர் ஆட்டோக்காரர் எழுதினாலும் சரி, கடைசியாக எழுதியவர் மேலே. தலைப்பைத் தட்டினால் அங்கேயே படிக்க முடியாது. எழுதியவரின் வீட்டுக்குக் கொண்டு போய்விடும். பேருந்து நிலைய அறிவிப்புப் பலகை மாதிரி. பலகை ஊரைச் சொல்லும், ஊருக்கு நீங்கள்தான் போக வேண்டும்.

அப்படியே பொற்காலம் என்று நான் சொன்னால் என்னோடு பதிவு எழுதியவர்கள் சிரிப்பார்கள். சாதிச் சண்டை நடந்தது. போலிப் பெயரில் வந்து வசை பாடினார்கள். பின்னூட்டங்களைச் சலித்து வெளியிடும் 'மட்டுறுத்தல்' என்ற சொல்லே அந்த வசையிலிருந்துதான் எங்களுக்குப் பழகியது. 'சூடான இடுகைகள்' என்று ஒரு பட்டியல் வந்ததும், அதில் ஏறுவதற்காகவே தலைப்பில் மிளகாய்ப்பொடி தூவியவர்கள் உண்டு. இன்று கணினி சூத்திரம் நம்மைக் கெடுக்கிறது என்கிறோமே, அந்த விதை அன்றே எங்களுக்குள் இருந்தது. ஆனால் அந்தப் பட்டியல் பலகையின் ஓர் ஓரத்தில் இருந்தது. இன்று அதுவேதான் முழுப் பலகையும்.

நான் 2005இல் ஒரு வலைப்பதிவு தொடங்கினேன். என்ன எழுதுவது? கவிதை வராது. அரசியல் பேசினால் அலுவலகத்தில் மெமோ வரும். காலையில் கண்மாய்க் கரையில் நடப்பேன். அங்கே வருகிற பறவைகளை எழுதினேன். இன்று இருபது நாமக்கோழி, நாலு கரண்டிவாயன், ஒரு முக்குளிப்பான் முங்கி எங்கே எழும்பியது தெரியவில்லை. இப்படி. ஒரு மாதம் யாரும் வரவில்லை. கடையைத் திறந்து வைத்து ஈ ஓட்டினேன்.

ஒரு நாள் ஒரு படம் போட்டு, 'நீர்க்காகம் சிறகு காய வைக்கிறது' என்று எழுதினேன். மறுநாள் முதல் பின்னூட்டம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர். 'அண்ணாச்சி, தப்பா நினைக்காதீய. அது நீர்க்காகம் இல்ல, பாம்புத்தாரா. அலகு நுனியப் பாருங்க. கொக்கி மாதிரி வளைஞ்சிருந்தா நீர்க்காகம். ஊசி மாதிரி நேரா இருந்தா பாம்புத்தாரா.' படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஊசிதான். ஐம்பதை நெருங்குகிற வயதில், பிறந்ததிலிருந்து பார்க்கிற பறவை! எனக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. யாரோ ஒருவர் என் வீட்டுக்கு வந்து, சுவரில் மாட்டியிருந்த படத்தைக் கிட்டே போய் உற்றுப் பார்த்திருக்கிறார்!

அவருடைய பதிவுக்குப் போனேன். அவர் தாமிரபரணிக் கரையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தின் ஓரத்தில் பத்துப் பேரின் பெயர்ப் பட்டியல். தான் வழக்கமாகப் படிக்கிறவர்களாம். அதில் ஒருவர் மீன், ஒருவர் பனை, ஒருவர் பழைய நாணயம். ஒவ்வொரு வீடாகப் போனேன். மூன்று மாதத்தில் அந்தத் தெருவில் எனக்கு ஒரு பெயர் வந்துவிட்டது: 'கண்மாய்க்காரர்'. யாருக்காவது நீர்ப்பறவையில் சந்தேகம் வந்தால், 'கண்மாய்க்காரரைக் கேளுங்கள்' என்பார்கள். நான் தெரியாமல் அந்தத் திருநெல்வேலித் தம்பியைக் கேட்டுச் சொல்வேன். அது வேறு விஷயம்.

'இணையச் சமூகத்தில் நமக்கான இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?' என்று போன கூட்டத்தில் ஒரு தங்கை கேட்டது. எனக்குத் தெரிந்த பதில் இதுதான் அம்மா. பத்து வீட்டுக்குப் போய் வா. ஒரு தப்பைத் திருத்திக் கொடு. ஒரு தப்பு செய்து திருத்தம் வாங்கிக்கொள். தமிழ் விக்கிப்பீடியா 2003இலிருந்து நடக்கிறது. போய் உங்கள் ஊர்க் கட்டுரையில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்திப் பாருங்கள். 'வாருங்கள்' என்று உங்கள் பேச்சுப் பக்கத்தில் யாராவது வரவேற்பு வைப்பார்கள். இன்னொரு வீடும் சொல்கிறேன். இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்வருடி வைக்கிற நூலகம் தளம் 2005இல் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் 1981இல் ஒரு நூலகம் எரிந்ததைப் பார்த்த சமூகம் அது. நகல் எடுத்து வைக்க வேண்டும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நகல் என்றேன் அல்லவா. இங்கேதான் என் சோகக் கதை. பெரிய சமூக வலைத்தளம் ஒன்று வந்தது. எல்லாரும் போனார்கள், நானும் போனேன். பெயர் வேண்டாம்; உங்கள் சட்டைப் பையில்தான் இருக்கிறது. அங்கே ஒரு நாள், வேண்டுமென்றே இல்லை, அவசரத்தில், பழைய தப்பையே மறுபடி செய்தேன். பாம்புத்தாராவின் படத்தைப் போட்டு நீர்க்காகம் என்று எழுதிவிட்டேன். முந்நூறு விருப்பம் விழுந்தது. 'அருமை சார்', 'வாழ்த்துகள் சார்', கும்பிடு, பூங்கொத்து. ஒருவர்கூட அலகைப் பார்க்கவில்லை. முந்நூறு பேர் என் வாசல் வழியாக ஓடும் பேருந்தில் போனார்கள், ஜன்னல் வழியாகக் கை காட்டினார்கள். இறங்க நிறுத்தம் இல்லை.

2016இல் பழைய பதிவைத் தேடிப் போனேன். நான் வைத்திருந்த இலவசச் சேவையை எப்போதோ மூடிவிட்டார்கள். அறிவிப்பு அனுப்பியிருப்பார்கள்; அது என் செத்துப்போன மின்னஞ்சலுக்குப் போயிருக்கும். ஏழு ஆண்டு, 214 பதிவுகள். கண்மாயில் எந்த வருடம் தண்ணீர் நின்றது, எந்த வருடம் கூழைக்கடா வந்தது, எல்லாம் அதில்தான். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்று ஓர் அமைப்பு 1996இலிருந்து இணையப் பக்கங்களை நகலெடுத்து வைக்கிறது. அங்கே தேடினேன். 61 பதிவுகள் கிடைத்தன. 'அண்ணாச்சி, தப்பா நினைக்காதீய' கிடைக்கவில்லை. என் ஒருவனுக்கு மட்டும் இப்படி இல்லை. ஆர்க்குட் 2014இல் போனது. கூகுள் பிளஸ் 2019இல் போனது. மரத்தடியும் ராயர் காப்பி கிளப்பும் நடந்த யாகூ குழுமங்கள் 2020 இறுதியில் போயின. அவற்றில் பேசியவர்களில் பலர் இன்னும் உயிரோடு இருக்கிறோம், பேசியதுதான் இல்லை.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். யூனிகோடில், இன்று எல்லாரும் சேமிக்கிற முறையில், ஒரு 'அ' மூன்று பைட். 'கா' என்றால் எழுத்து மூன்று, கால் மூன்று, ஆக ஆறு. ஒரு பதிவுக்கு முந்நூறு சொல் வைத்தால் ஏழு எட்டு கிலோபைட். 214 பதிவையும் சேர்த்தால் இரண்டு எம்பிக்குள். என் பேரன் நேற்று எடுத்த இட்லிப் போட்டோ ஒன்று நாலு எம்பி! ஏழு வருடத்து எழுத்தை, ஒரு இட்லிப் படத்தில் பாதி இடத்தில் வைத்திருக்கலாம். நான் ஒரு நகல் எடுத்து வைக்கவில்லை. இதில் நிறுவனத்தை மட்டும் திட்டி என்ன பயன்?

இந்தக் கவலை உலகம் முழுக்க இருக்கிறது. 2011இல் அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகரத்தில் சிலர் கூடி இண்டிவெப் என்று ஓர் இயக்கம் ஆரம்பித்தார்கள். அவர்கள் சொல்வது எளிது. எதை எழுதினாலும் முதலில் உன் சொந்தப் பக்கத்தில் போடு. பிறகு அதன் நகலைக் கூட்டம் இருக்கிற இடத்துக்கெல்லாம் அனுப்பு. சந்தைக்குப் போக வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. விதைநெல்லை வீட்டில் வைத்துவிட்டுப் போ என்கிறார்கள். மாஸ்டடான் மாதிரி, ஒருவர் கையில் இல்லாமல் பலரும் தனித்தனியே நடத்தி, ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் தளங்களும் வந்திருக்கின்றன. நான் அங்கேயும் போய்ப் பார்த்தேன். தமிழ்க் குரல் குறைவு. ஆனால் இருக்கிறவர்கள் பதில் சொல்கிறார்கள்.

'சார், சொந்தத் தளம் என்றால் செலவு ஆகுமே, கணினி மொழி தெரிய வேண்டுமே' என்பீர்கள். சொந்தப் பெயரில் முகவரி வாங்க ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் சொச்சம். நம்மில் சிலர் மாதாமாதம் அதைவிட அதிகமாக டீக்கடையில் கொடுக்கிறோம், நானும்தான். கணினி மொழி? ஒரு பக்கத்துக்கு வேண்டியது பத்துப் பன்னிரண்டு குறிகள். இங்கே தலைப்பு, இங்கே பத்தி, இங்கே படம், இங்கே இணைப்பு. நோட்பேடில் எழுதலாம். நான் 60 வயதில் கற்றுக்கொண்டேன். கம்பி இழுத்த கை இது. பக்கம் அழகாக இருக்காது. அதனாலென்ன, லாரி என் லாரி.

கூட்டம் வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் மறுபடி தொடங்கி நான்கு ஆண்டு ஆகிறது. நல்ல நாளில் பத்துப் பேர் வருகிறார்கள். பத்துப் பேர் கண்மாய்க் கரைக்கு வந்தால் அது கூட்டமா இல்லையா? அந்தப் பத்துப் பேரில் ஒருவர் பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். நம் கண்மாயின் மடைகள் ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லி, எது எந்த வயலுக்குப் பாய்ந்தது என்று நீளமாக ஒரு கடிதம் எழுதினார். அதை அப்படியே என் பக்கத்தில் போட்டிருக்கிறேன். முந்நூறு விருப்பத்துக்கு நான் அதைத் தர மாட்டேன்.

நேரமாகிவிட்டது, அவைத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரு வேலை மட்டும். வெளியே தண்ணீர்ப் பானை வைத்திருக்கும் மேசையில் 200 பக்க நோட்டு ஒன்றும் பேனாவும் இருக்கின்றன. சொந்தப் பக்கம் வைத்திருக்கிறவர்கள் முகவரியை எழுதிவிட்டுப் போங்கள். பழையது, பாதியில் விட்டது, எதுவானாலும் எழுதுங்கள். சொந்தப் பக்கம் இல்லாதவர்கள், பிறர் பக்கம் எதையாவது விரும்பிப் படித்திருந்தால் அதை எழுதுங்கள். நூலகர் அதைப் பட்டியலாகத் தட்டி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு என் மடிக்கணினியோடு இதே அறையில் இருப்பேன்; பக்கம் போடக் கற்க விரும்புகிறவர்கள் வரலாம். பென்டிரைவ் கொண்டு வாருங்கள், நகல் எடுக்க.

நோட்டின் முதல் வரியில் ஒரு முகவரியை நானே எழுதி வைத்திருக்கிறேன். அந்தத் திருநெல்வேலித் தம்பியுடையது. இப்போது அவருக்கு நாற்பது வயது இருக்கும். இன்னும் ஆற்றங்கரையைப் பற்றித்தான் எழுதுகிறார். போன வாரம் ஒரு படம் போட்டிருந்தார், நத்தைகுத்தி நாரை என்று. எனக்கென்னவோ அலகைப் பார்த்தால் சந்தேகமாக இருக்கிறது. வளர்ந்த நத்தைகுத்திக்கு மேலலகும் கீழலகும் மூடின பிறகும் நடுவில் இடைவெளி தெரிய வேண்டும். இதில் தெரியவில்லை. இன்று ராத்திரி போய்க் கேட்க வேண்டும்.